பல்லு மட்டும் நல்லா தந்தி அடிச்சுது

ரெண்டு மாசமா எங்க வீட்டு டைனிங் டேபிள் ஓரத்துல ஒரு கருப்பு கிரானைட் துண்டு கிடக்கு. சமையல் மேடை போட்டப்போ மிஞ்சினது, மொட்டை மாடில தண்ணி டேங்க் பக்கத்துல சும்மா கிடந்துச்சு, கழுவி எடுத்துட்டு வந்து அதுமேல டபுள் சைடு டேப் போட்டு மோர்ஸ் பேடில, அதாவது ஹாம் ரேடியோல விரலால தந்தி அடிக்கற சாமான, ஒட்டி வச்சிட்டேன். ஊர்லேர்ந்து வந்த அம்மா பாத்துட்டு "என்னடா இது, அம்மிக்கல்லுக்கு ஒயர் குடுத்து வச்சிருக்க"ன்னு கேட்டாங்க. வேற வழி இல்லம்மா, இது பக்கவாட்டுல தட்டற சாமான், கனம் இல்லன்னா ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு இஞ்ச் நகந்து கடைசில சாம்பார் கிண்ணத்துக்கிட்ட போய் நிக்கும்.

ஸ்ட்ரெய்ட் கீக்கு, அதான் பழைய தந்தி ஆபீஸ் கட்டைக்கு, இந்த தொல்லை கிடையாது, அது மேலேர்ந்து கீழ அமுக்கறது. நான் ஹாம் ரேடியோ லைசென்ஸ் பரீட்சைக்கு அதுலதான் பழகினேன். ஜெனரல் கிரேடுக்கு நிமிஷத்துக்கு 8 வார்த்தை வேகத்துல அனுப்பவும் வாங்கவும் தெரியணும், அது பெரிய வேகம் எல்லாம் இல்ல, பாஸ் பண்ணியாச்சு, லைசென்ஸும் வந்தாச்சு. அப்புறம்தான் பேராசை. 8ல பேசிக்கிட்டிருந்தா எதிர்ல இருக்கறவரு காபி குடிச்சிட்டு வந்துடுவாரு, எல்லாரும் 18, 20ன்னு ஓடறாங்க, நம்மளும் பேடில் வாங்கிடுவோம்னு வாங்கினேன். பேடில்னா ரொம்ப ஈஸின்னு வேற யாரோ சொல்லிட்டாங்க.

ஈஸிதான், பாதி. கட்டைவிரல் பக்கம் தட்டினா டிட், அதாவது குட்டி சத்தம், ஆள்காட்டி விரல் பக்கம் தட்டினா டா, நீள சத்தம். அமுக்கிட்டே இருந்தா டிட்டிட்டிட்டிட்னு அதுவே ஓடும், நீளம் எல்லாம் கீயர்ங்கற சர்க்யூட் பாத்துக்கும். 12 வேகம்னா ஒரு டிட் கரெக்டா நூறு மில்லிசெகண்ட், டா முன்னூறு, நடுவுல நூறு இடைவெளி, அதுல நம்ம கை ஒண்ணும் பண்ண முடியாது, கெடுக்கவும் முடியாது. ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின ஆர்டுயினோ நானோங்கற குட்டி கம்ப்யூட்டர் போர்டு ஒண்ணுல கே3என்ஜிங்கற கீயர் ப்ரோக்ராம ஏத்தி, ஒரு பஸ்ஸர வச்சு, முதல் நாள் 'சி கியூ சி கியூ', அதாவது யாராச்சும் இருக்கீங்களான்னு அடிச்சப்போ என் கையா இதுன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, அவ்ளோ சுத்தம். (பிளக் முனை டிட்டு, நடு வளையம் டா. நான் மாத்தி சால்டர் பண்ணிட்டு நாலு நாள் தலைகீழா பழகினது தனி கதை, அத விடுங்க.)

வீட்டுக்காரி போன்ல மோர்ஸ் டீகோடர் ஆப் ஒண்ணு போட்டு பக்கத்துல வச்சதும்தான் சாயம் வெளுத்துச்சு.

என்ன அடிச்சேன்னு சொல்லணும். நமக்கு தாம்பரம் டு பீச் பதினோரு வருஷ பழக்கம், ஸ்டேஷன் பேரெல்லாம் தூக்கத்துல கேட்டாலும் வரிசையா சொல்லுவேன். பயிற்சிக்கு என்ன வார்த்தை போடறதுன்னு யோசிக்கவே வேண்டாம்னு பீச்லேர்ந்து ஆரம்பிச்சு இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல ஒவ்வொரு ஸ்டேஷனா அடிக்க ஆரம்பிச்சேன். பீச், ஃபோர்ட், பார்க், எழும்பூர் வரைக்கும் ஏதோ வண்டி போச்சு. சேத்துப்பட்டு, அதாவது 'செட்பெட்'டுன்னு போர்டுல இருக்கறத அடிச்சேன். ஸ்க்ரீன்ல 'சப்பா'ன்னு வருது. திரும்ப அடிச்சேன். திரும்ப சப்பா. நான் அடிச்சது கரெக்ட்டு, ஆப்புதான் மட்டம்னு சண்டைக்கு போயிட்டேன்.

ஆப்பு மட்டம் இல்ல. 'ஈ'ங்கற எழுத்து ஒரே ஒரு டிட். 'டீ' ஒரே ஒரு டா. ரெண்டுக்கும் நடுவுல மூணு டிட் நீளத்துக்கு சும்மா இருக்கணும். நான் இருக்கல, ஒட்டி அடிச்சுட்டேன், அப்போ டிட்-டா சேந்து 'ஏ' ஆயிடுது. செட்பெட்ல ஈயும் டீயும் ரெண்டு தடவ ஒட்டிக்கிட்டு வருது, ரெண்டும் ஏ ஆச்சுன்னா சப்பாதான். அப்புறம் ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் இதே கூத்து. கிண்டில 'ஐ'யும் 'என்'னும் ஒட்டி 'எஃப்' ஆகி 'குஃப்டி'. தாம்பரத்துல முதல் ரெண்டு எழுத்தும் ஒட்டிக்கிட்டு 'கே' ஆயிடும், கம்பரம்னு படிச்சுக்கலாம். கோடம்பாக்கம் இருக்கு பாருங்க, அதுல ரெண்டு 'கே' அடுத்தடுத்து வரும், இடைவெளி விடாம அடிச்சா டா-டிட்-டா-டா-டிட்-டா, மோர்ஸ்ல அது அடைப்புக்குறி மூடற குறி! கோடம்பாக்கம் நடுவுல ஒரு அடைப்புக்குறி வந்து உக்காந்ததும் பையன் பக்கத்துலேர்ந்து விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

அப்போதான் புரிஞ்சுது, பேடில்ல டிட்டும் டாவும் மெஷினோடது, நம்ம கைக்குன்னு மிச்சம் இருக்கறது சும்மா இருக்கற நேரம் மட்டும்தான். எழுத்துக்கு நடுவுல மூணு, வார்த்தைக்கு நடுவுல ஏழு. ஸ்ட்ரெய்ட் கீல எல்லாமே கோணலா இருந்ததால இது கோணல்னு தனியா தெரியல. இங்க மீதி எல்லாம் ஸ்கேல் வச்சு போட்ட கோடு மாதிரி இருக்கறதால இடைவெளி கொஞ்சம் தப்பினாலும் பளிச்சுனு காட்டிக்குடுத்துடுது.

அதுக்கு நான் பண்ணின வைத்தியம், கீயர் வேகத்த குறைக்காம 16லயே வச்சுட்டு எழுத்துக்கு எழுத்து வேணும்னே அநியாயத்துக்கு நிறுத்தறது. கேக்கறதுக்கு பழகறப்போ ஃபார்ன்ஸ்வொர்த்னு ஒண்ணு சொல்லுவாங்க, எழுத்து வேகமா வரும் நடுவுல மட்டும் நிறைய இடம் இருக்கும், அதே சமாச்சாரம்தான், அனுப்பறதுக்கு போட்டுக்கிட்டேன். வேகத்த 8க்கு எறக்கினா என்ன ஆகுதுன்னா, மூளை டிட் டிட்டா எண்ண ஆரம்பிச்சுடுது, எழுத்து ஒரு சத்தமா மனசுல நிக்கறதில்ல. ஒவ்வொரு எழுத்து முடிஞ்சதும் விரல ரெண்டு பக்கத்துலேர்ந்தும் முழுசா எடுத்து, மனசுக்குள்ள அடுத்த எழுத்தோட சத்தத்த ஒரு தடவ சொல்லிட்டு அப்புறம் அடிக்கணும். ட்ரெயின்ல நின்னுக்கிட்டே வாய்க்குள்ள டிட்டா டாடிட்னு முணுமுணுத்துக்கிட்டு வருவேன், ஒரு நாள் பக்கத்து சீட்டு பெரியவர் பைய எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டாரு.

அடுத்தது ஸ்க்வீஸ். ரெண்டு பேடிலயும் சேத்து பிடிச்சா டிட் டா டிட் டான்னு மாறி மாறி வரும், 'சி'யெல்லாம் தனித்தனியா தட்ட வேண்டாம், டா பக்கம் முதல்ல தொட்டு ரெண்டையும் அமுக்கி விட்டா வந்துடும். எப்போ விடணும்ங்கறதுதான் கேள்வி. மோட் ஏ, மோட் பின்னு ரெண்டு ஜாதி. ஏல நீங்க விட்டா ஓடிட்டிருக்கறது முடிஞ்சு நின்னுடும். பில விட்டப்புறமும் எதிர் பக்கத்துது ஒண்ணு இலவச இணைப்பா வந்துட்டுதான் நிக்கும். என் நானோ பில இருந்துச்சு, எனக்கு அது தெரியாது, 'என்' அடிச்சா 'கே' வருது, 'ஏ' அடிச்சா 'ஆர்' வருது, 'நேம்'னு அடிச்சா ஏதோ ரஷ்யாக்காரன் திட்டற மாதிரி வருது. பேடில் காண்டாக்ட்ல தூசின்னு நெனச்சு பேப்பர் விட்டு விட்டு துடைச்சேன், இடைவெளிய மாத்தினேன், ஸ்ப்ரிங்க மாத்தினேன், ஒரு ஞாயித்துக்கெழமை பூரா போச்சு. கடைசில செட்டிங்ஸ்ல ஒரே ஒரு வரி. ஏக்கு மாத்திட்டு நிம்மதியா இருக்கேன். பிதான் வேகத்துக்கு ஒசத்தின்னு சண்டை போடறவங்க இருக்காங்க, போடட்டும். என் வேகத்துக்கு எதுவும் ஒசத்தி இல்ல.

ஆப்ப ரொம்ப நம்பக்கூடாதுன்னு ஒரு கட்டத்துல தோணுச்சு, அது ஒழுங்கா அடிச்சாலும் ஃபேன் சத்தத்துல எதையாச்சும் உளறுது. அதுக்கு பதிலா போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சிட்டு, மூணு நாள் கழிச்சு, என்ன அடிச்சோம்னு மறந்தப்புறம், பேப்பர் பேனா வச்சுக்கிட்டு நானே கேட்டு எழுதினேன். இத விட அவமானம் கிடையாது. சொந்த கையெழுத்து மருந்து சீட்டு மாதிரி இருக்குன்னு தெரியற நிமிஷம். மாம்பலம் எல்லாம் ரொம்ப அழகா இருந்துச்சு, டா நிறைய இருக்கறதால நிதானமா வரும்போல, டிட் கூட்டமா வர்ற இடத்துலதான் கை பதறி ஒண்ணு கூட போட்டுடுது.

அந்த ஒரு டிட் என் கால்சைன்லயே, அதான் ரேடியோல நமக்கு குடுக்கற பேருலயே, வெடி வச்சிருந்துச்சு. வி யூ 2ன்னு ஆரம்பிக்கும். 'வி' மூணு டிட் ஒரு டா. பதட்டத்துல நாலு டிட் விழுந்தா அது '4'. அப்போ நான் 4 யூ. 4 யூ யாரோட பிரிஃபிக்ஸ் தெரியுமா, ஐக்கிய நாடுகள் சபையோடது, நியூயார்க்ல அவங்க ஸ்டேஷன் 4யூ1யூஎன். குரோம்பேட்டை மொட்டை மாடிலேர்ந்து அஞ்சு வாட்ல ஐ.நா. சபை கூப்பிடுதுன்னு எவனாச்சும் நம்பிட்டா உலகமே மேல வந்து விழும். அதனால தெனம் காலைல வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி கால்சைன் மட்டும் அம்பது தடவ. வீட்டுக்காரிக்கே அது பாடம் ஆகி காய் நறுக்கறப்போ ஹம் பண்றாங்க.

ரெண்டாவது மாசம் நானோவ ஓரங்கட்டிட்டு பேடில நேரா ரிக்ல, அதான் ரேடியோ செட்டுல, சொருகினேன். பிரேக்-இன் பட்டன ஆஃப் பண்ணிட்டா காதுக்கு சத்தம் மட்டும் வரும், ஆன்டெனாக்கு ஒண்ணும் போகாது. அதுல ஒரு நிஜத்தன்மை இருக்கு, பக்கத்துல அலைவரிசை இரைச்சல், வேற ஆளுங்க பேசிக்கிறது எல்லாம் கேட்டுக்கிட்டே நம்ம பாட்டுக்கு அடிக்கலாம். முறையா பண்றவங்க ஆன்டெனாக்கு பதிலா டம்மி லோட் மாட்டிட்டு பண்ணுவாங்க, அது சிக்னல வெளிய விடாம சூடா மாத்திடும். என்கிட்ட அம்பது ஓம் டம்மி லோட் ஒண்ணு இருக்கு, டிராயர்ல பத்திரமா இருக்கு.

இப்போ கதைக்கு வருவோம். போன ஞாயித்துக்கெழமை காலைல ஏழு மணி இருக்கும், 7.030 மெகாஹெர்ட்ஸ் பக்கம், மாடில டேங்க்லேர்ந்து தொங்கற இருபது மீட்டர் ஒயர் கனெக்ட் ஆகி இருக்கு. பீச்லேர்ந்து வண்டிய எடுத்தேன். அன்னிக்கு கைக்கு என்ன ஆச்சோ, சேத்துப்பட்டு க்ளீன், நுங்கம்பாக்கம் க்ளீன், கோடம்பாக்கத்துல அடைப்புக்குறி இல்ல, மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை எல்லாம் தாண்டி பழவந்தாங்கல், நான் அடிக்கற ஸ்பெல்லிங்ல பதினஞ்சு எழுத்து, மூச்ச பிடிச்சுக்கிட்டு முடிச்சு கைய எடுத்தேன்.

காதுல டிட்டிட் டாடா டிட்டிட். கேள்விக்குறி.

யாரோ யாரையோ கேக்கறாங்கன்னு நெனச்சேன். மறுபடியும் கேள்விக்குறி, அதே ஃப்ரீக்வென்சி, அப்புறம் நிதானமா, ரொம்ப நிதானமா, என் எக்ஸ் டீ, எஸ் டீ என். நெக்ஸ்ட் ஸ்டேஷன்?

பிரேக்-இன் ஆன்ல இருக்கு. முந்தின நாள் ராத்திரி மேனுவல வச்சுக்கிட்டு ஒவ்வொரு பட்டனா நோண்டினது ஞாபகம் வருது. பீச்லேர்ந்து பழவந்தாங்கல் வரைக்கும் கால்சைன் கூட சொல்லாம தென்னிந்தியா பூரா ஒலிபரப்பியிருக்கேன். பயத்துல பல்லு தந்தி அடிக்குதுன்னு சும்மா சொல்லுவோம்ல, சத்தியமா அடிச்சுது, 20 வேகத்துக்கு மேல இருக்கும், இடைவெளியெல்லாம் கரெக்டா. விரல்தான் வேல செய்யல. ரிக்க ஆஃப் பண்ணிட்டு படுத்துடலாமான்னு பாத்தேன். அவரு தன் கால்சைன குடுத்துட்டு 'கே', அதாவது நீங்க பேசுங்கன்னு, போட்டு காத்துக்கிட்டு இருக்காரு, ஒரு வி யூ 2.

அடிச்சேன். முதல் தடவ 4 யூ 2. ஆமா, ஐ.நா. சபையேதான். அவரு 'அகெய்ன்' கேட்டாரு. ரெண்டாவது தடவ கைய டேபிள்ல முழுசா சாய்ச்சு வச்சுக்கிட்டு, விரல எடுத்து எடுத்து, வி. யூ. 2. மிச்சம். அவரு 'ஆர்', அதாவது கெடச்சுதுன்னு, போட்டு என் வேகத்துக்கே எறங்கி வந்து என் சிக்னல் எப்படி கேக்குதுன்னு ரிப்போர்ட் குடுத்தாரு, 57என் (என்னுன்னா 9), மைசூர் பக்கமாம். பேரு சொன்னாரு. நானும் சொன்னேன், என் பேருல ஒரு எழுத்து விட்டுப்போச்சு, திருத்தறேன்னு எட்டு டிட் போடப்போய் பதினாலு போட்டேன். முப்பது வருஷம் முன்னாடி கிண்டில வேல பாத்தேன்னாரு. மாம்பலம் வரைக்கும் நல்லா இருந்துச்சு, அப்புறம் எக்ஸ்பிரஸ் ஆயிடுச்சுன்னும் சொன்னாரு. நான் க்ளீன்னு நெனச்ச சைதாப்பேட்டைல ஈயும் டீயும் ஒட்டிக்கிச்சாம்.

மொத்தம் ஒம்போது நிமிஷம். 73, அதான் வாழ்த்துக்கள், சொல்லி முடிச்சு லாக் புக்ல தேதி, டைம், அவரு கால்சைன், ரிப்போர்ட்டெல்லாம் எழுதிட்டு ரிமார்க்ஸ் கட்டத்துல என்ன எழுதறதுன்னு தெரியாம 'பழவந்தாங்கல்'னு எழுதி வச்சிருக்கேன். பிரேக்-இன் பட்டன் மேல பையனோட ஸ்கூல் லேபிள் ஒண்ணு ஒட்டியாச்சு, டம்மி லோட் டிராயர்லேர்ந்து வெளிய வந்தாச்சு. மீனம்பாக்கத்துக்கு அப்புறம் இருக்கற ஸ்டேஷன்லாம் இன்னும் சரியா வரல, திரிசூலத்துல முதல் ரெண்டு எழுத்தும் இன்னும் ஒட்டிக்கிட்டேதான் இருக்கு.