விளக்கை அணைத்தால் குளிரும் எஞ்சின்

இரட்டை எஞ்சின் படகில், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் இரண்டு ஆர்பிஎம் மீட்டர்களின் முட்களும் 2400-இல் ஒன்றுபோல நின்றால் வேலை முடிந்தது என்று வெகுநாள் நம்பியிருந்தேன். முட்கள் ஒற்றுமையாகத்தான் நின்றன, படகுதான் 'வூம்... வூம்...' என்று முனகி, தம்ளருக்குள் கிடந்த கரண்டியைத் தாளம் போட வைத்தது.

உள்ளே படுத்திருந்த என் மனைவி, "இடது எஞ்சின் பின்தங்குகிறது, கொஞ்சம் கூட்டுங்களேன்" என்றாள். மீட்டரையே பார்க்காதவள் சொல்வதா என்று முள்ளைக் காட்டி வாதாடினேன். ஆனால் இரு எஞ்சின்களின் வேகம் நிமிடத்துக்கு 60 சுற்று வேறுபட்டால் அதிர்வு நொடிக்கொரு முறை பொங்கி அடங்கும், 30 ஆகக் குறைந்தால் இரண்டு நொடிக்கொரு முறை, இரண்டும் சமமானால் அது மறைந்தேபோகும் என்பதால், இந்தக் கணக்குக்குக் காது போதும். வேகத்தைக் கூட்டும் கைப்பிடியான த்ராட்டிலில் இடதை மயிரிழை அளவு தள்ளியதும் முனகல் நீண்டது. இன்னும் கொஞ்சம் தள்ளியதும் கரண்டி அடங்கியது. அப்போது இடது முள் 2500-ஐத் தாண்டியிருந்தது.

குற்றவாளி எஞ்சினா மீட்டரா என்று அறிய, மீட்டர்களை இடம் மாற்றிப் பொருத்தினேன். பிழையும் மீட்டரோடு வலப்பக்கம் குடிபெயர்ந்தது. அதன் முதுகில் சிலிண்டர் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கும் சிறிய திருகு ஸ்விட்ச் இருக்கும். அதன் தொடுமுனைகளில் படிந்திருந்த களிம்பு போகும்வரை நாலைந்து முறை முன்னும் பின்னும் திருகியதும் முள்ளுக்குப் புத்தி வந்தது. அதற்குமுன் நான் பெட்ரோல் ஃபில்ட்டரையும் கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவிய கதையை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

வெப்பமானிகளின் வழக்கோ இதைவிட விசித்திரமானது. மாலையில் பேனல் விளக்கைப் போட்டதும் இரண்டு எஞ்சின்களுக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் ஏறும். விளக்கை அணைத்தால் உடனே தணியும். உண்மையான சூடு இத்தனை சட்டென்று ஏறி இறங்காது என்று எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஆனால் நான் குளிர்நீர் பம்பைத்தான் சந்தேகித்தேன். பேனலைத் திறந்தபோது, எல்லா மீட்டர்களுக்கும் விளக்குகளுக்கும் பொதுவான எர்த் வயரின் வளையம் பச்சைக் களிம்பேறி, போல்ட்டில் தொட்டும் தொடாமலும் தொங்கிக்கொண்டிருந்தது. உப்புத்தாளால் பளபளவெனத் தேய்த்து இறுக்கினேன்.

அன்று மாலை விளக்கைப் போட்டேன், முட்கள் அசையவில்லை. மனைவிக்குத்தான் சிறிது ஏமாற்றம்: எஞ்சினைக் குளிர வைக்க அதைவிடச் சுலபமான ஸ்விட்ச் இனிக் கிடைக்காதாம்.