மேலே போகப் போகக் கேள்வி குறைகிறது

நாகர்கோவில் நீதிமன்றத்துக்குப் புது நீதிபதி வருகிறார் என்று மாறுதல் உத்தரவு வந்தால் போதும், அவர் கடைசியாக இருந்த ஊர் வக்கீல்களுக்கு அன்றைக்கே இங்கிருந்து போன் போகும். நேரத்துக்கு இருக்கையில் உட்காருவாரா, சாட்சியைப் பேச விடுவாரா, வாய்தா தருவதில் தாராளமா? சாயங்காலத்துக்குள் குமாஸ்தாக்கள் வரை எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நல்ல நீதிபதி யார் என்பது எங்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துத் தெரிந்த விஷயம். தக்கலையில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) போட்ட திருவிதாங்கூர் காலத்து ஆதாரப் பத்திரம் ஒன்றும், இடத்தைப் பார்த்துவர நீதிமன்றம் அனுப்பிய அட்வகேட் கமிஷனரின் வரைபடமும் தாக்கலாகியிருந்தன. சார்பு நீதிபதி இரண்டையும் மேசையில் விரித்து, நான்கெல்லையை வரிவரியாக ஒப்பிட்டார். பத்திரத்தில் தெற்கே இருந்த ஓடை, வரைபடத்தில் இல்லை. இரு தரப்பு வக்கீல்களும் பார்க்காமல் விட்டது அது. வழக்கே அந்த ஓடையில்தான் இருந்தது.

இப்படிப்பட்டவர் உரிமையியல் நீதிபதியாக வர எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு, மதிப்பெண் என்று எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். உச்ச நீதிமன்றத்துக்கு வரும்போது தலைமை நீதிபதியும் அடுத்த நான்கு மூத்த நீதிபதிகளும் சேர்ந்த கொலீஜியம் மூடிய அறையில் பேசுகிறது. பெயர் மத்திய அரசின் கோப்புக்குள் போகிறது. அதன்பிறகு நடப்பது அரசியல்.

2018 ஜனவரியில் இந்து மல்ஹோத்ரா, கே.எம். ஜோசப் ஆகிய இரண்டு பெயர்களைக் கொலீஜியம் சேர்த்தே பரிந்துரைத்தது. ஏப்ரலில் மல்ஹோத்ரா பதவியேற்றார். ஜோசப்பின் பெயர் திரும்பி வந்தது. சீனியாரிட்டியில் அவருக்கு மேலே பலர் இருக்கிறார்கள், அவருடைய கேரளத்துக்குப் போதிய இடம் இருக்கிறது என்பது அரசு சொன்ன காரணம். 2016-ல் உத்தராகண்டில் அதே அரசு கொண்டுவந்த குடியரசுத் தலைவர் ஆட்சியை ரத்து செய்த உயர் நீதிமன்ற அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அவர் என்பதை வக்கீல்கள் யாரும் மறக்கவில்லை. கொலீஜியம் மறுபடி அனுப்பி, ஆகஸ்ட் 7-ல் அவர் பதவியேற்றபோது இந்திரா பானர்ஜி, வினீத் சரண் இருவருக்கும் கீழே மூன்றாவது இடம். ஜனவரியில் போன பெயர் அது. சீனியாரிட்டியை வைத்துத்தான் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி பதவி வரை தீர்மானமாகிறது. கோப்பைத் தாமதப்படுத்தினாலே ஒருவரைக் கீழே இறக்கிவிடலாம் என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அரசிடமே விட்டுவிடலாம் என்றால் 1973 கண்முன்னே வருகிறது. மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதியானார். அவசரநிலையில் தனியாக மாறுபட்ட தீர்ப்பு எழுதிய எச்.ஆர். கன்னாவை 1977-ல் ஓரம்கட்டினார்கள். நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதில் அரசுக்கும் இடம் கொடுத்த நியமன ஆணையச் சட்டத்தை 2015-ல் உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்று ரத்து செய்ததன் பின்னால் அந்தப் பயமும் இருந்தது. சரியான பயம்தான்.

அமெரிக்காவைப் பாருங்கள், அங்கே எல்லாம் வெளிப்படை என்று எங்கள் வக்கீல் சங்கத்தில் சிலர் சொல்வார்கள். 2016 பிப்ரவரியில் அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா இறந்தார். ஒபாமா நிறுத்திய மெரிக் கார்லண்டை, தேர்தல் ஆண்டு என்று சொல்லி, குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை இருந்த செனட் ஒரு நாள்கூட விசாரிக்கவில்லை. 2020-ல் அதே கட்சியின் பெரும்பான்மை, தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு, டிரம்ப் நிறுத்திய ஏமி பாரெட்டை 52-48 என்று உறுதிசெய்தது. கேமரா முன்னால் நடந்தாலும் அரசியல் அரசியல்தான்.

அதனால் முறையை அப்படியே தூக்கி மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்கு வேண்டியது காரணமும் கெடுவும். 2017 அக்டோபரிலிருந்து கொலீஜியம் தன் தீர்மானங்களை இணையத்தில் போட ஆரம்பித்தது நல்ல காரியம். அப்புறம் சில காலம் அதில் காரணங்கள் சுருங்கிப்போயின. காரணம் எழுதாத உத்தரவை எங்கள் மாவட்ட நீதிமன்றமே மேல்முறையீட்டில் ரத்து செய்துவிடும். எங்கள் பிரதிவாதி எதிருரை போட சட்டம் கொடுப்பது 30 நாள், தக்க காரணம் காட்டினால் 90 நாள். பிறகு எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் இல்லாமலே தீர்ப்பு, என்று பயந்து ஓடி வருகிறார். கொலீஜியம் அனுப்பிய பெயருக்குப் பதில் சொல்லாத அரசுக்கும் அப்படி ஒரு பயம் வேண்டும்: கெடு தாண்டினால் நியமனம் ஆனதாகக் கொள்ளப்படும், சீனியாரிட்டி பெயர் போன தேதியிலிருந்து கணக்காகும் என்று எழுதி வைக்க வேண்டும்.