சாத்தப்பன் என்று பேர் விட்ட கதை

சென்ற ஆவணியில் எங்களுக்குத் தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தபோது, பெயரைப் பற்றி வீட்டில் பேச்சே எழாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் மூத்த மகனுக்குத் தகப்பன்வழி ஐயாவின், அதாவது பாட்டனாரின், பெயரை விடுவதும் (எங்கள் பக்கத்தில் பெயர் விடுவது என்றால் சூட்டுவது), அடுத்தவனுக்குத் தாய்வழி ஐயாவின் பெயரை விடுவதும் நெடுநாளைய வழக்கம். அந்த ஐயா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதெல்லாம் கணக்கில்லை. அப்படித்தான் என் ஐயாவின் பெயர் எனக்கு வந்தது. என் அப்பச்சியின், அதாவது தகப்பனாரின், பெயர் சாத்தப்பன். ஆகவே பிள்ளையும் சாத்தப்பன். சென்னையில் வளர்ந்த என் மனைவி ஏதாவது சொல்லக்கூடும் என்று எதிர்பார்த்து அதற்கான விடைகளைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பச்சிதான், பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அந்தப் பேரு என்னோட போகட்டும்ப்பா. பள்ளிக்கூடத்துல நான் பட்டது போதும்" என்றார்.

அவர் பட்டது என்ன என்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அன்றுதான் முழுவதையும் சொன்னார். பக்கத்து ஊரில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், வருகைப் பதிவேட்டைப் படித்த ஆசிரியர் ஒருவர், வேண்டுமென்றோ கண் மங்கலோ, 'சாத்தான்' என்று கூப்பிட்டிருக்கிறார். அன்று தொடங்கிய சிரிப்பு பள்ளி இறுதி வகுப்பு வரை ஓயவில்லை. கரும்பலகையில் இரண்டு கொம்பும் ஒரு வாலும் வரைந்து கீழே இவருடைய முதலெழுத்தைப் போடுவார்களாம். இதைச் சொல்லும்போது அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. கொம்பு எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்பதையும் விரலால் காட்டினார்.

அந்த விரலைப் பார்த்த பிறகுதான், மனிதர் ஆயுள் முழுதும் சுமந்த பெயருக்கு நியாயம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சாத்தான் என்பது எபிரேய மொழியில் எதிராளி என்னும் பொருளுடைய சொல்; விவிலியத்தோடு தமிழுக்கு வந்தது. சாத்தன் என்பதோ, அந்தச் சொல் இந்தக் கரைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே பிள்ளைகளுக்கு விட்டுக்கொண்டிருந்த பெயர். ஒரு நெட்டெழுத்தின் வேறுபாட்டில் இரண்டும் அண்டை வீட்டார் போல ஆகிவிட்டன. உறவு எதுவும் கிடையாது.

சாத்தன் என்ற பெயர் எவ்வளவு சாதாரணமாகப் புழங்கியது என்பதற்கு இலக்கண உரைகளே சாட்சி. தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்கள் எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆள் வேண்டும் என்றால் சாத்தனைத்தான் கூப்பிடுவார்கள். சாத்தன் வந்தான், சாத்தன் உண்டான் என்று, நம் பள்ளிப் புத்தகங்களில் இராமன் வந்தது போல அங்கே சாத்தன் வருவான். துணைக்கு ஆள் தேவைப்பட்டால் கொற்றன். இயற்பெயரோடு தந்தை என்ற சொல் சேர்ந்தால் எப்படிப் புணரும் என்று விளக்கும் இடத்தில், சாத்தன் தந்தை 'சாத்தந்தை' ஆவார் என்று காட்டுவார்கள். இதைப் படித்தபோது, 'சாத்தந்தை'யும் 'சாத்தப்பனும்' ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கின்றனவே என்று எனக்கு ஒரு துள்ளல் ஏற்பட்டது. ஆனால் பழனியப்பன், அழகப்பன், மெய்யப்பன் என்று எங்கள் பக்கத்துப் பெயர்களில் வரும் அப்பன், இறைவனை அப்பனாகக் கொண்டாடும் அப்பன். ஆகவே அந்த ஒப்புமையை நான் இறுக்கிப் பிடிக்க மாட்டேன்.

பெயரின் வேரைப் பற்றி இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, வணிகர் கூட்டத்தைக் குறிக்கும் 'சாத்து' என்ற சொல். பெரும்பாணாற்றுப்படையில், மிளகுப் பொதி சுமந்து சுமந்து முதுகில் தழும்பேறிய கழுதைகளின் சாத்து, சுங்கம் வாங்கும் பெருவழியில் போகிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் தகப்பன் கடல் வாணிகம் செய்த மாநாய்கன். கோவலனின் தகப்பன் மாசாத்துவான், அதாவது சாத்துக்குத் தலைவன். மணிமேகலையைப் பாடிய சீத்தலைச் சாத்தனாருக்கு அடைமொழியே மதுரைக் கூலவாணிகன் என்பதுதான், தானியம் விற்றவர். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் நாங்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு சமூகத்துக்கு, பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக் கணக்குப் பார்த்தவர்களுக்கு, இதைவிடப் பொருத்தமான பெயர் எது என்று நான் கேட்பேன். செங்கடற் கரையில், எகிப்து நாட்டுக் குசேர் அல் காதிம் என்ற பழந்துறையில் கிடைத்த கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பானையோடுகளில், தமிழ்ப் பிராமி எழுத்தில் இரண்டு பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. ஒன்று கணன், மற்றொன்று சாதன். இரட்டிக்கவேண்டிய மெய்யை ஒற்றையாகவே எழுதிச் செல்வது அக்காலத்து வழக்கம். ஆகவே கண்ணன், சாத்தன் என்று கொள்ளலாம். தன் பானை மாறிப்போகக் கூடாது என்று அதில் பெயர் கீறிய ஒரு சாத்தன் அந்தத் துறை வரை போயிருக்கிறான். எங்கள் வீட்டுப் பித்தளைப் போணிகளிலும் தூக்குச்சட்டிகளிலும் பெயரெழுத்து வெட்டியிருப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த ஓடு அன்னியமாகப் படவில்லை.

இன்னொரு வழி, சாஸ்தா என்ற வடசொல் தமிழில் சாத்தன் ஆயிற்று என்பது. இந்தச் சாத்தன் ஐயனார். சிலப்பதிகாரத்திலேயே பாசண்டச் சாத்தன் என்ற தெய்வம் வருகிறது. பால் விக்கி இறந்துபோன மாற்றாள் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, மாலதி என்ற பெண் கோயில் கோயிலாக ஏறி இறங்குகிறாள். கடைசியில் அந்தச் சாத்தனே குழந்தையாகி அவள் கைக்கு வந்து, வளர்ந்து, தேவந்தியை மணக்கிறான். செட்டிநாட்டில் ஐயனார் இல்லாத ஊர் எது? கண்மாய்க் கரையில் மண்குதிரைகள் வரிசை கட்டி நிற்பதைக் காணாமல் இங்கே பத்து மைல் போக முடியாது. சிங்கம்புணரியில் கோயில் கொண்ட சேவுகப்பெருமாள் ஐயனாரை ஒட்டித்தான் சேவுகன் என்ற பெயர் இப்பக்கத்தில் வேரூன்றியது. தேவகோட்டையில் ஒரு கல்லூரியின் பெயரிலேயே அது நிற்கிறது. சேவுகன் எவ்வழியில் வந்தானோ அவ்வழியில் சாத்தப்பனும் வந்திருக்கலாம். இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் மொழியறிஞன் அல்லன். வழிநடைக் கூட்டத்துக்கு ஒரு பெயரும், அவர்கள் கும்பிட்டுப் போன காவல் தெய்வத்துக்கு அதே போன்ற பெயரும் அமைந்தால், காலப்போக்கில் இரண்டும் கலந்துவிடுவது இயல்புதான் என்பது என் எண்ணம்.

அப்பச்சியிடம் நான் இவற்றையெல்லாம் சொன்னபோது அவர் பெரிதாக அசையவில்லை. ஒன்றுக்குத்தான் அசைந்தார். புறநானூற்றில் குடவாயில் கீரத்தனார் பாடிய ஒரு பாட்டு உண்டு. வேல் வல்ல ஒரு சாத்தன் இறந்துபோன பிறகு, இளைஞர் சூட மாட்டார்கள், பெண்கள் பறிக்க மாட்டார்கள், பாணன் சூடான், பாடினி அணியாள். இந்த நிலையிலும் நீ பூத்திருக்கிறாயா முல்லையே, இந்த ஒல்லையூர் நாட்டில் என்று புலவர் கேட்கிறார். அந்த ஒல்லையூர்தான் இன்று பொன்னமராவதிப் பக்கத்தில் இருக்கும் ஒலியமங்கலம் என்பார்கள். எங்கள் ஊரிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். "நம்ம பக்கத்து ஆளா?" என்று கேட்ட அப்பச்சி, சற்று நேரம் கழித்து, "வேல் வேற வச்சிருந்தானா" என்றார்.

இப்போது பிறக்கிற பிள்ளைகளிடம் இந்தப் பெயர் இங்கே அரிதாகிவிட்டது. பழைய காகிதங்களில் அதற்குப் பஞ்சமே இல்லை. இரண்டாம் கட்டு அறையிலிருக்கும் தேக்குப் பெட்டியில் எங்கள் வீட்டுத் திருமணங்களின் இசைகுடிமானங்கள், அதாவது திருமண ஒப்பந்த ஏடுகள், துணியில் சுற்றி வைக்கப்பட்டுள்ளன. இன்ன ஊர், இன்ன கோவில், இன்னார் மகன் என்று எழுதிக்கொண்டு போகும் அந்த ஏடுகளில், ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை சாத்தப்பன் வந்துகொண்டே இருக்கிறார். எங்கள் வீட்டில் மட்டுமல்லாமல் சம்பந்தி வீடுகளிலும் வருகிறார். கவிஞர் கண்ணதாசனின் தகப்பனார் பெயரும் சாத்தப்பன்தான். 1927இல் சிறுகூடல்பட்டியில் பிறந்த அவருக்குப் பெற்றோர் விட்ட பெயர் முத்தையா. காரைக்குடிக்குப் பிள்ளை கூட்டிக்கொண்டு போன, அதாவது தத்தெடுத்த, வீட்டில் நாராயணன் ஆனார். பிள்ளை வீடு மாறினால் பெயரும் மாறும் என்பதிலிருந்தே, எங்கள் பக்கத்தில் பெயர் என்பது ஆளுக்கு உரியது என்பதைவிட வீட்டுக்கு உரியது என்பது விளங்கும்.

அப்படியிருந்தும் அந்தப் பெயர் ஏன் தேய்ந்தது? ஷகரமும் ஹகரமும் கலந்த பெயர்களுக்கு வந்த மோகம், எண்கணிதம், வெளிநாட்டில் சொல்ல வராது என்ற அச்சம் ஆகியவை எல்லோரும் அறிந்தவை. அவற்றில் நிற்கப் போவதில்லை. நான் கவனித்த காரணம் வேறு. பெயரைக் காப்பாற்றிய வழக்கமே அதை வாயிலிருந்து எடுத்துவிட்டது. என் ஆத்தா, அதாவது தாயார், இந்த ஐம்பது ஆண்டுகளில் அப்பச்சியின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. கணக்கெடுக்க வந்தவர் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டபோது, பக்கத்தில் நின்ற என் முதுகில் கையை வைத்துத் தள்ளி, "நீ சொல்லுடா" என்றார். அப்போது எனக்கு ஆறு வயது இருக்கும். அந்தப் பெயரையே பேரனுக்கு விட்டால் ஆத்தா அவனை எப்படிக் கூப்பிடுவார்? மருமகள் எப்படி மாமனார் பெயரைச் சொல்லி அதட்டுவாள்? அதனால்தான் எங்கள் வீடுகளில் ஏட்டில் ஒரு பெயரும் நாக்கில் ஒரு பெயருமாகப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பாதிப் பேரை ஊரே ராசா, அப்பு, தம்பி என்றுதான் அறியும். யாரும் கூப்பிடாத பெயரை அடுத்த தலைமுறை விடாமல் போனதில் வியப்பில்லை.

என் மனைவியின் முடிவு சுருக்கமானது. "மாமா பேரை நான் கூப்பிட மாட்டேன்னு யார் சொன்னா?" என்றாள். ஆத்தா ஒரு விநாடி அவளைப் பார்த்துவிட்டு, தான் ஐயா என்று கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டார். பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பெயரை மட்டும் ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. எங்கள் வழக்கை அப்பச்சி அந்த ஓராண்டுக்கு இழுத்துவிடுவார் என்று நான் பயந்தேன். பத்தொன்பதாம் நாள் அவரே என்னைக் கூப்பிட்டு, "புள்ளி வச்ச 'த்' ஒண்ணு இருக்கு, அதை விட்டுறாமப் பாத்து எழுதச் சொல்லு" என்றார்.

ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெயர் திரும்புவதால், என் பெயரும் என் ஐயாவின் பெயரும் ஒன்று. ஆகவே அப்பச்சியின் முதலெழுத்தும் பெயரும் எப்படியோ, அப்படியே பிள்ளையின் முதலெழுத்தும் பெயரும் அமைந்துவிட்டன. இதை நான் முன்னமே யோசித்திருக்க வேண்டும். மூன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போன அன்று அப்பச்சியும் கூட வந்தார். செவிலியர் அட்டையைப் பார்த்து, முதலெழுத்தோடு, ஒரு 'த்'தும் குறையாமல் பெயரை உரக்கப் படித்தார். பிள்ளை என் மனைவியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. பெஞ்சிலிருந்து எழுந்து, வேட்டியைச் சரி செய்துகொண்டு, "இருக்கேன்" என்றார் அப்பச்சி.