ஒன்பதுக்கு எட்டு

மே 4, 2025, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்றுதான் தொடங்குகிறது. இந்த வெயிலில் பரண் இறக்கி ஒட்டடை அடிக்கிற குடும்பம் கடலூரிலேயே நாங்களாகத்தான் இருக்கும். வேறு வழியில்லை. ஜூன் 2-ம் தேதி பள்ளி திறக்கிறது, தம்பி என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் பையன் ஆறாம் வகுப்பு போகிறான். அதற்குள் பின்பக்கத்துச் சாமான் அறை அவனுடைய அறையாக வேண்டும். இதுவரை தன் ஆயாவோடு, அதாவது என் மாமியாரோடுதான் படுத்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் தூக்கத்தில் ஒரு புரண்டு புரண்டால் அத்தைக்குப் பாதிக் கட்டில்கூட மிஞ்சுவதில்லை.

டேப் வைத்து அளந்தாயிற்று. தெற்கு வடக்காக ஒன்பது அடி, கிழக்கு மேற்காக எட்டு. வடக்குச் சுவரில், மேற்கு ஓரமாக வாசல். மேற்குச் சுவரில் ஒரே ஜன்னல். கூரை ஒன்பதரை அடி.

உள்ளே இருந்து வந்தவை: காலி பெயின்ட் டப்பாக்கள், மாமா காலத்து சைக்கிள் பம்பு, எந்த மிக்ஸிக்கு என்றே தெரியாத மூன்று ஜார் மூடிகள், அப்புறம் அந்தப் புத்தக அலமாரி. போன டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை கரை மீறியபோது வீட்டுக்குள் ஓர் அடித் தண்ணீர் நின்றது. அலமாரி பார்ட்டிகிள் போர்டு. அடித்தட்டு ஊறிய பிஸ்கட் மாதிரி உப்பி, கை வைத்தால் தூளாக உதிர்கிறது. மேல் இரண்டு தட்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் நிற்க அடி இல்லை. மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை அது. ஒருமுறை உப்பினால் மறுபடி காய்ந்து பழைய கனத்துக்கு வராது.

எல்லாவற்றையும் வாசலில் போட்டோம். அறை அப்போதே பெரிதாகத் தெரிந்தது. தம்பி வெறும் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "இப்படியே விட்டுடலாம்மா" என்றான். பாதி ஒத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மே 6, செவ்வாய்

மாடிக் கட்டில் பேச்சு. கீழே மேசை, மேலே படுக்கை, ஏறப் படி. போனில் நூறு படம் காட்டுகிறான். சின்ன அறைக்கு இதுதான் தீர்வு என்று எல்லாப் படமும் சத்தியம் செய்கிறது. அந்தப் படம் எதிலும் சீலிங் ஃபேன் இல்லை என்பதை அவனுக்குக் காட்டினேன்.

கணக்குப் போட்டோம். சாதாரண ஃபேன் 1200 மில்லிமீட்டர், அதாவது நாலடி விட்டம். எட்டடி அகல அறையில் நடுவில் மாட்டினால் இரண்டு பக்கமும் இரண்டு அடிதான் மிச்சம். கட்டில் அகலம் மூன்று அடி. ஆகவே கட்டிலின் உள் ஓரத்தில் ஓர் அடி, இறக்கைக்கு நேர் கீழே வந்துவிடும். மெத்தை ஐந்தரை அடி உயரத்தில் என்றால், அவன் உட்கார்ந்தாலே தலை எட்டடியை நெருங்கும். இறக்கை எட்டேகால் அடியில் சுற்றும். காலையில் எழுந்து கை தூக்கிச் சோம்பல் முறித்தால் போச்சு. ஃபேனைக் கழற்றிவிட்டுச் சுவர் ஃபேன் போடலாமே என்றான். கடலூர் மே மாதத்தில், கூரை அனல் இறங்கும் உயரத்தில், சுவர் ஃபேனோடு படுப்பாயா என்றேன். யோசித்தான். சரி, வேண்டாம்.

கார் வடிவக் கட்டில் ஒன்றைப் புதுச்சேரியில் ஒரு கடையில் பார்த்துவிட்டு வந்து என் வீட்டுக்காரர் ஆசையாகச் சொன்னார். பையனுக்கு இரண்டு வருஷத்தில் மீசை அரும்பிவிடும். அதற்கப்புறம் அந்தக் காரில் யார் படுப்பது?

மே 10, சனி

பண்ருட்டி போய் வந்தோம். அம்மா வீட்டுக் கொட்டகையில் பலாப் பலகைகள் கிடக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வரிசை வரிசையாக விழுந்தன. அதில் ஒரு மரம் எங்களுடையது. அப்பா விறகுக்குக் கொடுக்க மனசில்லாமல் அறுத்து அடுக்கி வைத்தார். தம்பி அப்போது பிறக்கவேயில்லை. இத்தனை வருஷம் நிழலில் காய்ந்த மரம் எந்தக் கடையிலும் கிடைக்காது என்று அண்ணன் சொன்னதால் எடுத்துக்கொண்டேன்.

அறுத்த புதிதில் பலா மஞ்சளாக இருக்கும். போகப் போகப் பழுப்பேறித் தேன் நிறத்துக்கு வரும். மேல் பக்கம் கறுத்துப் போயிருந்தது, ஓர் ஓரத்தைச் சீவிப் பார்த்தால் உள்ளே அந்த மஞ்சள் அப்படியே இருக்கிறது. நடுமரம், வைரம் பாய்ந்தது, கரையான் அவ்வளவு சுலபத்தில் தொடாது. வெளி ஓரத்து வெள்ளை மரம்தான் உளுத்திருந்தது. இந்த ஊர்ப் பலாவில்தான் மிருதங்கக் கட்டை கடைகிறார்கள் என்று தம்பியிடம் சொன்னேன். உடனே பலகையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டான்.

வண்டி வாடகை கொடுத்தபோது, புதுக் கட்டிலே வாங்கியிருக்கலாமோ என்று அவர் முணுமுணுத்தார். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

மே 13, செவ்வாய்

ஆசாரி அண்ணன் வந்தார். உளுத்த ஓரங்களை வெட்டித் தள்ளினால் கட்டிலுக்கும், மேசையின் மேல்பலகைக்கும், துணி மாட்டும் சட்டத்துக்கும் பலா போதும்; சுவர்த் தட்டுகளுக்கு பிளைவுட் வாங்க வேண்டும் என்றார்.

பிளைவுட் கடையில் 'எம்.ஆர்.' என்று அச்சடித்ததை வாட்டர்ப்ரூஃப் என்று நினைத்து வாங்கிப் போகிறவர்கள் நிறைய. அது ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரில் நிற்காது. அதன் மேல் ஐ.எஸ். 303 என்று இந்தியத் தர எண் இருக்கும். தண்ணீர் தாங்குகிறது ஐ.எஸ். 710. விலையில் நல்ல வித்தியாசம். "சுவத்துல அஞ்சடிக்கு மேல மாட்டப் போற தட்டுக்கு 710 எதுக்கும்மா? அங்க தண்ணி வந்தா நீங்க ஊர்லயே இருக்க மாட்டீங்க" என்றார் அண்ணன். நியாயம். சுவர்த் தட்டுக்கு 303, மேசைக்கு அடியில் வரும் ஒரே ஒரு தட்டுக்கு 710.

கட்டிலுக்கு அவர் பெட்டி மாதிரி அடைத்து உள்ளே சாமான் வைக்க இடம் விடலாம் என்றார். எல்லாரும் அதைத்தான் செய்துகொள்கிறார்கள், இடம் மிச்சம் என்று. எனக்கு வேண்டாம். தரையோடு ஒட்டின எதுவும் இந்த வீட்டில் இனி கூடாது. நாலு கால், தரைக்கும் சட்டத்துக்கும் நடுவே பதினைந்து அங்குலம். போன தடவைத் தண்ணீர் நின்ற அடையாளம் சுவரில் இன்னும் லேசாகத் தெரிகிறது, அதைவிட மூன்று அங்குலம் மேலே. கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் கூடைகள். அங்கே மிதக்கக்கூடிய சாமானுக்கு மட்டும்தான் இடம் என்று சட்டம் போட்டிருக்கிறேன்.

நீளம் 78 அங்குலம். இப்போது பையன் நாலடி எட்டு. அவன் அப்பா ஐந்தடி பத்து. சின்னக் கட்டில் செய்து மூன்று வருஷத்தில் காலை வெளியே நீட்டிக்கொண்டு படுப்பதற்கு, முதலிலேயே பெரிய ஆளுக்கானதைச் செய்வது மேல். கட்டில் ஒன்றுதான் அப்படி. மற்றதெல்லாம் அவனோடு ஏறி இறங்குகிற மாதிரி இருக்க வேண்டும்.

மே 18, ஞாயிறு

மேசை எங்கே என்பதற்கு இன்று முழுக்கப் பேச்சு. கட்டில் கிழக்குச் சுவரோடு, தெற்கே தலை. வடக்கே தலை வைத்தால் அத்தை அறைக்குள்ளேயே வர மாட்டார்கள். ஆக தெற்குச் சுவரில் ஐந்தடி மிச்சம்.

தம்பி இடது கைக்காரன். வலது கையால் எழுதுகிறவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும், அப்போதுதான் கை நிழல் எழுத்தின் மேல் விழாது. இவனுக்கு அப்படியே நேர் எதிர். தெற்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் மேற்கு ஜன்னல் வலப்பக்கம் வருகிறது. ஆசாரி அண்ணன் எல்லா வீட்டிலும் போடுகிற மாதிரி ஜன்னலுக்கு நேர் கீழே போடலாம் என்றார். சாயங்காலம் நாலு மணி வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டு எந்தப் பிள்ளை கணக்குப் போடும்? தென்மேற்கு மூலையில், மூன்றரை அடி மேசை. முடிந்தது.

உயரம் 29 அங்குலம், பெரியவர் அளவு. இப்போதைக்கு நாற்காலியில் ஒரு தடித்த மெத்தை, காலுக்கு அடியில் ஆறு அங்குல மனைப்பலகை. முழங்கை மேசை மட்டத்துக்கு வந்து, பாதம் எங்கேயாவது ஊன்றியிருந்தால் போதும். வளர வளர முதலில் மெத்தை போகும், அப்புறம் பலகை போகும்.

மேற்கு வெயிலுக்கு வெட்டிவேர்த் தட்டி. நம் கடற்கரைக் கிராமங்களின் மணல் பூமியில் விளைகிற வேர்தான். தண்ணீர் தெளித்தால் வாசனையும் குளிர்ச்சியும் அமர்க்களம், ஆனால் பக்கத்திலேயே புத்தகம் இருக்கிற அறையில் தெளிக்கக் கூடாது, பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த தட்டி வெயிலை மறைத்தாலே பாதி உபகாரம்.

மே 22, வியாழன்

எலெக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயின்ட்டைத் தரையிலிருந்து மேசைக்கு மேலே ஏற்றிவிட்டார். ஸ்குரூ, கீல் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உப்புக் காற்றுக்குச் சாதா இரும்பு ஆணி இரண்டு மழைக்குத் தாங்காது.

மே 25, ஞாயிறு

சாமான் பிரிக்கும் நாள். எனக்குப் பிடித்த வேலை, தம்பிக்குத் தண்டனை.

பீரோ கிடையாது என்பதில் அத்தைக்கு வருத்தம். கட்டிலுக்கும் வாசல் சுவருக்கும் நடுவே இரண்டரை அடிதான் இருக்கிறது. அதில் பீரோ நுழையாது, நுழைந்தாலும் சுவரோடு ஒட்டி நின்று மழைக்காலத்தில் துணியெல்லாம் முடைநாற்றம் அடிக்கும். அதற்குப் பதில் கதவில்லாத பலாச் சட்டம், சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, சாயாமல் இருக்க மேலே இரண்டு கிளாம்பால் சுவரில் பிடித்தது. துணிக் கம்பி இப்போது நாலடி உயரத்தில். ஐந்தரை அடியில் இன்னொரு ஜோடித் துளை காத்திருக்கிறது. எட்டாத உயரத்தில் கம்பியை வைத்துவிட்டு, பிள்ளை துணியை மாட்டுவதில்லை என்று திட்டுவதில் அர்த்தமில்லை.

புத்தகத்துக்கு மூன்று தட்டு. ஆறாம் வகுப்பிலும் மூன்று பருவம் என்பதால் ஒரு பருவத்துக்கு ஒரு தட்டு என்று கணக்கு. மூன்றாவது தட்டு ஜனவரி வரைக்கும் காலி, அதில் அவன் இஷ்டத்துக்கு எதையும் வைத்துக்கொள்ளலாம்.

கேரம் போர்டுதான் தலைவலி. கட்டிலுக்குப் பின்னால் செருகினால் எடுக்கும்போதெல்லாம் கட்டிலை இழுக்க வேண்டும். பரணில் வைத்தால் விளையாடவே மாட்டான். கடைசியில் கதவுக்குப் பின்னால் சுவரில் இரண்டு கொக்கி. கதவு திறக்கும்போது போர்டின் சட்டத்தில் இடிக்கிறது என்பதால் கதவில் ஒரு ரப்பர் கட்டை. மட்டைக்கும் ஸ்டம்புக்கும் பழைய பிளாஸ்டிக் குடம். அதை எதிலும் அழகாக வைக்க முடியாது, முயற்சியும் செய்யவில்லை.

விளையாட்டுச் சாமானில் எதைக் கொடுப்பது என்று நான் தீர்மானிக்கவில்லை. மூன்று கூடை கொடுத்தேன், அதற்குள் அடங்கியது மட்டும் அறைக்கு. ரிமோட் உடைந்த காரை வைத்துக்கொண்டு, புதுசாக இருந்த பில்டிங் பிளாக்ஸைச் சித்தி மகனுக்குக் கொடுத்துவிட்டான். காரணம் கேட்டேன். "அது கார்மா" என்றான்.

மே 31, சனி

மெத்தை வந்தது. இலவம்பஞ்சு, நாலு அங்குலம், கடையில் நின்று அடைத்து வாங்கினோம். ஃபோம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, முதுகு நனைந்துவிடும். பஞ்சு நாளாக நாளாக அமுங்கும், இரண்டு மூன்று வருஷத்தில் பிரித்து அடிக்க வேண்டும், அவ்வப்போது மாடியில் வெயில் காட்ட வேண்டும். அந்த வேலை தம்பியுடையது.

தாழ்ப்பாள் பஞ்சாயத்து சாயங்காலம் முழுக்க நடந்தது. உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும் என்கிறான். "பதினொரு வயசுப் பையனுக்கு உள்தாழ்ப்பாள் எதுக்குடா? ராத்திரி வயிறு வலிச்சா யார் தொறக்கறது?" என்று அத்தை. அவர், வழக்கம் போல, ஷிஃப்டுக்கு நேரமாச்சு. தாழ்ப்பாள் இல்லை, ஆனால் தட்டாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்று முடிவு. அத்தைக்கும் சேர்த்துத்தான் இந்த விதி. "என் வீட்ல நான் கதவத் தட்டணுமா?" என்றார்கள். ராத்திரி பால் கொண்டுபோனபோது, கரண்டியால் டம்ளரைத் தட்டிச் சத்தம் எழுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போனார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

பள்ளி திறந்து அறை நிஜமாகப் புழங்க ஆரம்பித்த பிறகு தெரிந்தது: மேசையைவிட அவன் தரையைத்தான் அதிகம் பயன்படுத்துகிறான். நடுவில் நாலடி சொச்சம் வெற்றிடம் விட்டிருக்கிறோம். படம் வரைவது, கேரம், சிநேகிதர்கள் வந்தால் உட்காருவது எல்லாம் அங்கேதான். அங்கே ஒரு பீன் பேக் போடலாம் என்று தங்கை சொன்னாள். யாரும் அந்த இடத்தில் எதையும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

சீருடை தினமும் கம்பியில் தொங்குகிறது. சாக்ஸ் மட்டும் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

ஜூலை 12, சனி

நான் வேலையிலிருந்து வருவதற்குள் கட்டிலைத் திருப்பிப் போட்டிருக்கிறான். ஜன்னல் காற்று முகத்தில் அடிக்க வேண்டுமாம், தலைமாட்டை வடக்கே மாற்றிவிட்டான். அத்தை பார்த்துவிட்டு வடக்கு, எமன், காந்தம் என்று ஒரு பாடமே எடுத்தார்கள். இவன் தலையணையை மட்டும் தெற்கே எடுத்துப் போட்டு, "இப்ப சரியா ஆயா?" என்றான். ஆயா போனதும் தலையணை திரும்ப வடக்கே.

கட்டிலை இழுத்ததில் துணிச் சட்டத்தின் ஒரு கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. ஆசாரி அண்ணனுக்குப் போன் போட்டேன், புதன்கிழமை வருகிறாராம். கேரம் போர்டின் கொக்கியையும் ஒரு சாண் இறக்கச் சொல்ல வேண்டும். மாட்டும்போது இன்னும் எக்க வேண்டியிருக்கிறது அவனுக்கு.