தோணி என்று சொல்லுங்கள்

டவ்டேல் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில், ஆஷ்போர்ன் என்ற சிற்றூரில் எங்கள் பஸ் முக்கால் மணி நேரம் நிற்கும். பெரும்பாலோர் தேநீருக்கும் கடைத்தெருவுக்கும் போய்விடுவார்கள். வர விரும்புகிறவர்களை நான் புனித ஆஸ்வால்ட் தேவாலயத்துக்கு அழைத்துப் போவேன். தமிழ்க் குழுக்களுக்கு இங்கிலாந்தைச் சுற்றிக்காட்டுவது என் தொழில். அரண்மனைகளையும் கோட்டைகளையும் எத்தனையோ முறை காட்டியிருக்கிறேன். ஆனால் இந்தத் தொழிலை எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குப் புரியவைத்தது, அந்தத் தேவாலயத்தில் உறங்கும் ஒரு பெண் குழந்தை.

பெயர் பெனலோப்பி பூத்பி. 1785 ஏப்ரலில் பிறந்தவள். 1791 மார்ச்சில், ஆறு வயது நிறைய ஒரு மாதம் இருந்தபோது இறந்துபோனாள். சர் புரூக் பூத்பி என்ற பிரபுவுக்கு ஒரே பிள்ளை.

கோபுரம் 212 அடி. உள்ளே நுழைந்து இடப்பக்கம் திரும்பினால் அந்த ஊரை ஆண்ட குடும்பங்களின் கல்லறைகள் நெருக்கமாக இருக்கும். கொக்கெய்ன் குடும்பத்து வீரர்கள் அலபாஸ்டர் கல்லில் கவசத்தோடு மல்லாந்து கிடப்பார்கள். பக்கத்தில் மனைவியர், கூப்பிய கைகளோடு. அந்தக் காலத்துக் கல்லறைகளில் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தால் அது பெரும்பாலும் பெட்டியின் பக்கவாட்டில்தான். பெரியவர்களின் உடையை அணிந்த குட்டி மனிதர்களாக வரிசையில் நிற்பார்கள் அல்லது மண்டியிட்டிருப்பார்கள். முகத்தில் குழந்தைத்தனம் துளியும் இருக்காது. பிரபுவின் வம்சம் எவ்வளவு பெரியது என்று காட்ட அவர்கள் ஒரு கணக்கு, அவ்வளவுதான்.

பெனலோப்பி அப்படி இல்லை. இத்தாலியின் கராரா சலவைக்கல்லில் அவள் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். தலையணையில் கன்னம் புதைந்திருக்கிறது. கைகள் இரண்டும் முகத்தின் அருகே. வெறுங்கால்கள் ஒன்றின்மேல் ஒன்று. எளிய கவுன், இடுப்பில் அகலமான பட்டி. மத்தியானம் முழுவதும் ஓடி விளையாடிவிட்டுப் பாயில் அப்படியே சாய்ந்துவிட்ட பிள்ளை. கிரீடமோ சிறகோ கூப்பிய கையோ எதுவுமில்லை. தாமஸ் பேங்க்ஸ் என்ற சிற்பி செதுக்கியது. 1793-இல் லண்டனில் ராயல் அகாடமி கண்காட்சியில் இதை வைத்தபோது சார்லட் அரசியார் பார்த்துக் கண்ணீர் விட்டதாகச் சொல்வார்கள். அந்த அழுகையைச் சொல்லும்போதெல்லாம் இன்னொன்றையும் நான் சேர்த்துச் சொல்வேன்: அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னால், 1782-இலும் 1783-இலும், அவர் தம் இரண்டு சின்ன மகன்களை அடுத்தடுத்துப் பறிகொடுத்திருந்தார்.

புரூக் பூத்பி படித்தவர். தத்துவஞானி ரூசோவின் நண்பர். ரூசோவின் கையெழுத்துப் பிரதி ஒன்றை 1780-இல் லிச்ஃபீல்டில் அச்சிட்டவரும் அவரே. குழந்தையைக் குழந்தையாகப் பார்க்கச் சொன்னவர் ரூசோ. அந்தச் சிந்தனையில் ஊறிய தந்தை, மகளுக்கு இப்படி ஒரு கல் வேண்டுமென்று விரும்பியதில் எனக்கு வியப்பில்லை. மகளுக்கு மூன்று வயதானபோது ஜோஷுவா ரெனால்ட்ஸ் என்ற பெரிய ஓவியர் அவளை வரைந்திருக்கிறார்; தலையைவிடப் பெரிய வெள்ளைத் தொப்பியோடு அமர்ந்திருப்பாள். அவள் இறந்தபின் ஃபூஸெலி என்ற இன்னோர் ஓவியர் அவளை நினைத்து ஓர் ஓவியம் தீட்டினார். தந்தை ஒரு கவிதைத் தொகுதியையே 1796-இல் வெளியிட்டார். கல்லறையிலும் அவர் ஒரு மொழியோடு நிற்கவில்லை. ஆங்கிலம், லத்தீன், பிரெஞ்சு, இத்தாலியம் என்று நான்கு மொழிகளில் வரிகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இவற்றைத் தமிழில் சொல்வதுதான் அங்கே என் வேலை. இத்தாலிய வரிகள் பெத்ரார்க் என்ற பழைய இத்தாலியக் கவிஞரின் கவிதையிலிருந்து வந்தவை: பொன்னிறக் கூந்தலும் தேவதைச் சிரிப்பும் இப்போது எதையும் உணராத சிறு தூசி. இதைச் சொல்வதில் சிரமமில்லை. ஆங்கில வரியில்தான் நான் பல ஆண்டுகள் தவறு செய்துகொண்டிருந்தேன். "பாவப்பட்ட பெற்றோர் தங்களிடமிருந்த அத்தனையையும் இந்த உறுதியற்ற கப்பலில் ஏற்றினார்கள், கப்பல் முழுவதும் உடைந்தது" என்று சொல்லிவந்தேன். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அடுத்து, அந்தக் கல்லறை அருகிலேயே கணவனும் மனைவியும் பிரிந்தார்கள் என்று முடிப்பேன். அதற்கு இன்னும் பலமாக உச்சுக்கொட்டுவார்கள். பிள்ளை போனபின் அவர்கள் மணவாழ்க்கை நிலைக்கவில்லை என்பது உண்மை. கல்லறையருகே பிரிந்தார்கள் என்பது, கேட்பவர் மனம் இளக வேண்டும் என்பதற்காக நான் கட்டிக்கொண்ட காட்சி.

ஒருமுறை நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு முதிய அம்மையார் கடைசிவரை நின்று கேட்டார். மற்றவர்கள் பஸ்ஸுக்குத் திரும்பிய பிறகு என்னிடம் சொன்னார்: "கப்பல் என்று சொல்லாதீர்கள், தம்பி. கப்பலில் ஏற்றினால் நம்பி ஏற்றலாம். தோணி என்று சொல்லுங்கள்."

நான் அந்த வரியைத் திரும்பப் படித்தேன். அவர் சொன்னதுதான் சரி. ஆறு வயதுகூட நிறையாத ஓர் உயிரில் இரண்டு பேரின் முழு வாழ்வும் ஏற்றப்பட்டிருந்தது. சுமக்கும் கலம் சிறியது என்பதில்தான் அந்த வரியின் துயரமே இருக்கிறது.

கிளம்பும்போது அவர் இன்னொன்றும் கேட்டார். "பெற்றவள் பெயர் என்ன?"

அரை மணி நேரம் பேசியிருந்தேன். ரூசோவின் பெயரைச் சொல்லியிருந்தேன், ரெனால்ட்ஸின் பெயரை, அரசியின் பெயரை. தாயின் பெயரைச் சொல்லவில்லை. அது கல்லிலேயே இருக்கிறது: சூசன்னா. தந்தையின் பெயரை அடுத்து, என் கண் முன்னால்தான் இருந்தது. இருபது முறையாவது அதைத் தாண்டிப் போயிருப்பேன். அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் ஆறவில்லை.

அதன்பிறகுதான் லிச்ஃபீல்டு பேராலயத்துக்கும் குழுக்களை அழைத்துப் போகத் தொடங்கினேன். அங்கே சாண்ட்ரி என்ற சிற்பி 1817-இல் முடித்த, ஒருவரையொருவர் அணைத்தபடி உறங்கும் இரண்டு சிறுமிகளின் சிலை இருக்கிறது. அதைச் செய்வதற்குமுன் அவர் ஆஷ்போர்னுக்கு வந்து பெனலோப்பியைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அந்தச் சிலையைச் செய்யச் சொன்னவர் சிறுமிகளின் தாய். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிறவர்களிடம் அதை மறக்காமல் சொல்கிறேன்.

பேங்க்ஸ் என்ற பெயர் எங்கேயோ கேட்டது போல நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. பிறகு நினைவுக்கு வந்தது. வழிகாட்டியாக நான் தொழில் தொடங்கியது சென்னையில், புனித ஜார்ஜ் கோட்டையில். அங்குள்ள அருங்காட்சியகத்தில், திப்பு சுல்தானைப் போரில் வென்ற ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபுவின் பெரிய சலவைக்கல் சிலை நிற்கிறது. அதைச் செதுக்கியவரும் இதே தாமஸ் பேங்க்ஸ். 1800-இல் கடல் வழியாக வந்து சேர்ந்தது. பீடத்தில் ஒரு புடைப்புச் சிற்பம்: 1792-இல் திப்பு சுல்தான் தம் இரண்டு மகன்களைப் பிணையாகக் காரன்வாலிஸிடம் ஒப்படைக்கும் காட்சி. மூத்தவனுக்குச் சுமார் பத்து வயது, இளையவனுக்கு எட்டு. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1794-இல்தான் தந்தையிடம் திரும்பினார்கள்.

பெனலோப்பியின் பாதங்களை அவ்வளவு பரிவோடு செதுக்கிய உளியே அடுத்த சில ஆண்டுகளில் அந்தச் சிறுவர்களையும் செதுக்கியிருக்கிறது. ஒன்று தந்தை கேட்ட கல். மற்றது வென்றவருக்காக எழுந்த கல். சென்னையில் வேலை செய்த காலத்தில் அந்தப் பீடத்தை "திப்புவின் தோல்வி" என்ற இரண்டே சொற்களில் சொல்லி முடித்துவிட்டு வாள்கள் இருக்கும் அறைக்கு நகர்ந்துவிடுவேன்.

போன விடுமுறையில் அக்காள் மகளைக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். பீடத்துக்கு நேராகக் குனிந்து, அப்துல் காலிக், முயிசுத்தீன் என்று இரண்டு பெயர்களையும் சொன்னேன். "யார் மாமா அவர்கள்?" என்றாள்.

"சின்னவனுக்கு உன் வயதுதான்" என்றேன்.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, நன்றாகப் பார்க்கத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.