விற்பனைக்கு இல்லை

கணக்குப் பிரிவில் வேலை. மதிய இடைவேளையில் மட்டும் கை சும்மா இருக்காது. பையில் எப்போதும் ஒரு குரோஷா ஊசியும் ஓர் உருண்டை பருத்தி நூலும் கிடக்கும். பெரும்பாலும் டம்ளர் வைக்கும் வட்ட விரிப்புதான் பின்னுவேன். நடுவில் 6 ஸ்டிச், அடுத்த சுற்றில் 12, அப்புறம் 18, 24 என்று சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்ட மறந்தால் வட்டம் கிண்ணம் மாதிரி குவிந்துவிடும்; அதிகம் கூட்டினால் ஓரம் அலை அலையாக நெளியும். நாள் முழுக்க எண்களோடு இருப்பவளுக்கு இந்த எண்ணிக்கை மட்டும் அலுக்கவே இல்லை.

"இதை விற்கலாமே" என்று பக்கத்து இருக்கைத் தோழி ஒருநாள் சொன்னார். நல்ல மனதோடு சொன்னதுதான். நானும் சரி என்று நான்கு மாதம் விற்றேன்.

முதலில் விலை வைப்பதே பெரும்பாடாக இருந்தது. நூலின் விலையை மட்டும் கேட்டால் என் நேரத்துக்கு மதிப்பில்லை; செலவழித்த மணிகளுக்கெல்லாம் கூலி சேர்த்தால் யாரும் வாங்க மாட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரே நிறத்தில் ஒரு டஜன் கேட்டார் ஒருவர். மறுநாள் கொடுக்க வேண்டும். பதினோராவது விரிப்பின் ஐந்தாம் சுற்றில் 30 இருக்க வேண்டிய இடத்தில் 29 இருப்பதைப் பார்த்தேன். வழக்கமாக இருந்தால் பிரித்துவிடுவேன். அன்று, யாருக்குத் தெரியப்போகிறது என்று மேலே பின்னிக்கொண்டே போனேன். வாங்கியவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் மனசு சரியில்லை. அந்த ஆர்டரோடு நிறுத்திவிட்டேன்.

வெகு நாள் கழித்துத்தான் 1973-இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள், படம் வரைவதில் ஆசை உள்ள சின்னக் குழந்தைகளை வைத்துச் செய்தது. வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு விளையாட்டு நேரத்தில் முன்னைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு கிடைத்தவர்களுக்கு அந்த ஆசை குறையவில்லை. அந்த 29 ஸ்டிச் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.

இப்போது கொடுப்பதோடு சரி. ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பதில்லை. "அவங்க சும்மாவே தர்றாங்க, நீங்க ஏன் இவ்வளவு கேட்கறீங்க?" என்று, பின்னல் வேலையை நம்பிப் பிழைக்கும் ஒரு பெண்ணிடம் என் அலுவலகத்தைச் சேர்ந்தவரே கேட்டிருக்கிறார். அது காதில் விழுந்தபோது எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண் கேட்டது நியாயமான விலை. என் வீட்டில் சம்பளம் வருகிறது, அதனால் நான் சும்மா கொடுக்க முடிகிறது. அது அவருடைய உழைப்புக்கு அளவுகோல் ஆகிவிடக் கூடாது. அதற்குப் பிறகு, வேண்டும் என்று கேட்பவர்களை அவரிடமே அனுப்புகிறேன். நானாக நினைத்துக்கொண்டு ஒருவருக்காகப் பின்னுவதை மட்டும் கொடுக்கிறேன். அவர் அதைப் பயன்படுத்துகிறாரா என்று எட்டிப் பார்ப்பதும் இல்லை. கொடுத்த பிறகு அது அவருடையது.

போன வாரம் வேறு பிரிவில் இருக்கும் ஒருவர் ஒரு விரிப்பைக் கொண்டுவந்தார். மூன்று வருஷம் முன்னால், அவர் நீண்ட மருத்துவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று கொடுத்தது. கறை படிந்து, நிறம் வெளுத்து, ஓரம் பிரிந்திருந்தது. "இதைச் சரி பண்ணித் தர முடியுமா? புதுசு வேண்டாம், இதுவே போதும்" என்றார். கடைசிச் சுற்றை மட்டும் பிரித்துப் புது நூலில் போட்டேன். எட்டாவது சுற்று, 48 ஸ்டிச். வெளுத்த வட்டத்தைச் சுற்றிப் புது ஓரம் மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. உள்சுற்றுகளையும் மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விரிப்பை மேசையில் போட்டு டம்ளரை அதன் மேல் வைத்துக்கொண்டார்.