கோடு விழாத நிலம்

மதுரை கே.கே. நகரில் ஏசி அறையில் உட்கார்ந்து, அலாஸ்காவின் யூகான்-குஸ்கோக்விம் டெல்டாவுக்குக் கரைக்கோடு வரைவதுதான் இப்போது என் பிழைப்பு. திரை முழுக்கக் குளம், குளத்துக்குள் திட்டு, திட்டுக்குள் இன்னொரு குளம்.

அலாஸ்காவுக்கான பழைய அமெரிக்க வரைபடங்கள் 1:63,360 அளவில் இருக்கும்; ஓர் அங்குலம் என்றால் ஒரு மைல். 50 அடி உயரத்துக்கு ஒரு சமஉயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) போட்டால் இந்தத் தட்டை நிலத்தில் கோடே விழாது! இப்போது விமான ரேடாரில் 5 மீட்டருக்கு ஒரு புள்ளியாக எடுத்த உயரத் தரவு இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் பெரிய தலைவலி. பனி உருகும் சமயத்துப் படத்தில் ஏரியாகத் தெரிவது, கோடைப் படத்தில் புல்வெளி. எங்கள் ஊர் வண்டியூர் கண்மாய் என்றால், மிகுநீர் வழியும் கலுங்கின் மட்டத்தைப் பார்த்துக் கரையைச் சொல்லிவிடலாம். அங்கே ஏது கலுங்கு?

உயரத் தரவு எடுத்த பருவம் எதுவோ, அந்தப் பருவத்துக் கரையைத்தான் வரைய வேண்டும் என்பது என் கட்சி. டீம் லீடர் அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.